ரிசர்வில் விழுந்த வண்டி

நெமிலியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையில் வண்டி இரண்டு முறை இடிக்கும். மூன்றாவது இடிப்புக்குள் இடது கை கிளட்சை விட்டுத் தொடைக்குக் கீழே இறங்கிவிடும். டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைக் குனிந்து பார்க்காமலே திருப்பினால், கொஞ்ச தூரத்தில் இன்ஜினுக்கு மறுபடி மூச்சு வரும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் “என்னாச்சு?” என்பார். “ரிசர்வ் விழுந்துடுச்சு.” அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்காத காலம் அது.

ரிசர்வ் என்பது தனியாக ஒரு குட்டி டேங்க் என்று நினைத்தவர்கள் ஏராளம். பள்ளி நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் டேப்பின் தலையில் உயரமாக ஒரு குழாய் டேங்குக்குள் நிற்கும்; அடியில் இன்னொரு வழி இருக்கும். ஆன் என்றால் பெட்ரோல் உயரமான குழாயின் வாய் வழியாக இறங்கும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனதும் வண்டி இடிக்கும். ரிசர்வுக்குத் திருப்பினால் அடிவழி திறக்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையிலேயே இறங்கிவிடும்.

1956-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியா புல்லட் கட்டத் தொடங்கியது. 1961 முதல் மைசூரில் ஜாவா வந்தது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் டேப் என்பது இழுத்துத் தள்ளும் பித்தளைக் குமிழ்; அதன் உள்ளே பெட்ரோலை அடைத்து நிற்பது ஒரு சின்னத் தக்கை. தக்கைக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோலில் ஊறிக்கொண்டே இருந்தால் உப்பி, இறுகப் பிடிக்கும். டேங்கை வற்றவிட்டு ஒரு மழைக்காலம் வண்டியை ஓரங்கட்டினால் காய்ந்து சுருங்கும். பிறகு பெட்ரோல் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். உடனே டேப்பை மாற்றிவிட மாட்டார்கள். கழற்றி, தக்கையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஊறவைப்பார்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் புதுத் தக்கையை வெட்டி, வட்டமாகத் தேய்த்துச் செருகுவார்கள். கூம்பு வடிவப் பித்தளைத் திருகு உள்ள டேப் என்றால் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்டைத் தடவி, இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தேய்ப்பார்கள். ஒரு மணி நேர வேலை, கூலி கொஞ்சம், பொருள் செலவு ஒன்றுமில்லை.

எங்கள் பகுதி தோல் சீமை. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஆற்றோரமெல்லாம் தோல் ஷாப்புகள். கைப்பம்பு, சைக்கிள் பம்பு, பம்பு ஸ்டவ் எல்லாவற்றுக்கும் அப்போது வாஷர் தோலில்தான். ஒரு துண்டு வாங்கி எண்ணெயில் ஊறப்போட்டால் வேலை முடிந்தது. ஆனால் பெட்ரோல் டேப்புக்கு மட்டும் இந்த ஊர்ச் சரக்கு உதவாது. தோலை மெத்தென்று வைத்திருப்பது அதில் ஏறிய எண்ணெய்; பெட்ரோலோ எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். சில நாளில் தோல் கட்டையாகிவிடும். எதற்கு எது பொருந்தும் என்பதை மெக்கானிக் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டார்.

1985-இல் ஆர்எக்ஸ் 100, சிடி 100 பைக்குகள் வந்தன. ஜப்பான் பாணி டேப்பில் தக்கை கிடையாது; நாலு ஓட்டை போட்ட ரப்பர் வாஷர், அதை அழுத்தும் அலை அலையான ஸ்பிரிங். ரப்பர் தேய்ந்தால் வாஷரை மட்டும் மாற்றுவார்கள். உலோக முகத்தில் கீறல் விழுந்திருந்தால் கண்ணாடித் துண்டின்மேல் நைசான எமரித் தாளை வைத்து எட்டுப் போட்டுத் தேய்ப்பார்கள். கிடைக்காத சாமானுக்கு அரக்கோணத்தில் ரயிலேறிச் சென்னை ஜி.பி. ரோடு, அங்கும் இல்லையென்றால் புதுப்பேட்டை.

இன்று பழைய வண்டிக்கு மவுசு வந்திருக்கிறது. டேப் ஒழுகினால் போனில் தட்டினால் போதும், முழு டேப்பும் வீட்டுக்கு வரும். வேலை சுளுவாகிவிட்டது என்று சொல்லலாம். எனக்கு அது பாதி உண்மைதான். புது டேப்பின் மரையும் டேங்கின் மரையும் ஒத்துப்போகாமல் இருக்கும். ஒத்துப்போனாலும், இறுக்கி முடிக்கும்போது கைப்பிடி இன்ஜினைப் பார்த்து நிற்கும். ஃபைபர் வாஷரைத் தடித்ததும் மெல்லியதுமாக மாற்றி மாற்றிப் போட்டுத்தான் திசையைச் சரிசெய்ய வேண்டும். நல்ல கனத்த பித்தளையைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு லேசான வார்ப்பு டேப்பை மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

புதிய வண்டிகளில் டேப்பே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. டேங்குக்குள்ளேயே மின்பம்பு, பெட்ரோல் குறைந்தால் மீட்டரில் விளக்கு எரியும். நிறுத்தும்போது டேப்பை மூடு என்று யாரும் பையனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய வண்டியில் அதை மறந்து, கார்புரேட்டரின் மிதவை ஊசியும் சிக்கிக்கொண்டால், ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். காலையில் ஆயிலை மோந்து பார்த்தால் தெரியும்.

இதற்கிடையில் பெட்ரோலே மாறிவிட்டது. 2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் சில பங்க்குகளில் வந்தது. 2025-க்குள் நாடு முழுக்க அதுவே ஆனது. எத்தனால் வேறொன்றுமில்லை, சாராயம்தான். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்; அதே வேலையை அது டேங்குக்குள்ளும் செய்கிறது. பழைய வண்டிகளில் தக்கைக்கும் கேஸ்கட்டுக்கும் பூசிய அரக்கு கரைந்து, பிசுபிசுவென்று கார்புரேட்டரை அடைக்கிறது. பழைய ரப்பர் உப்பிக் குழைகிறது. காற்றின் ஈரத்தையும் எத்தனால் இழுத்துக்கொள்ளும். வண்டி மாதக்கணக்கில் நின்று ஈரம் மிஞ்சினால், தண்ணீரும் சாராயமும் பிரிந்து அடியில் தங்கும். அடியில் இருப்பது ரிசர்வ் வழி. ஆபத்துக்கு உதவும் என்று திருப்பினால் முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

ஆக, முழு டேப்பை வாங்கி மாட்டியவரும் கடைசியில் வாஷருக்குத்தான் வந்து நிற்கிறார். சாதாரண ரப்பரா, எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பரா என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

நெமிலிக்குப் பக்கத்தில் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28 அன்று டாடா கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவிப்பு. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே உருவாகும் என்றார்கள். அந்த வண்டி எதிலும் கையால் திருப்ப ஒரு டேப் இருக்காது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கைமுறை மட்டும் அப்படியே இருக்கிறது. டேப்பைப் பழுது பார்த்து மாட்டியதும் டேங்கில் அரை லிட்டர் ஊற்றி, டேப்பை மூடி, டியூபைக் கழற்றி, டேப்பின் வாய்க்குக் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட வேண்டும். சாமி விளக்கும் பீடியும் அண்டாத, காற்றோட்டமான இடமாகப் பார்த்து. காலையில் டம்ளர் காய்ந்திருந்தால் சரி. அடியில் ஒரு சொட்டு நின்றாலும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.