வாய்மொழித் தேர்வுக்கு வழி

சித்தூரிலும் தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டங்களிலும் வாழும் நம் பிள்ளைகட்கு வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். எழுத்துத் தேர்வில் தேறும் பிள்ளை ஆங்கில வாய்மொழித் தேர்வில் நாவெழாது நிற்பதேன்? ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பயில்வதும் ஒரு காரணமாம். பூங்காவைக் குறிக்கும் சொல்லும் நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ‘பார்க்’ என்றே அமையும். மலையாளத்திலோ அவற்றின் முதலொலிகட்குத் தனித்தனி எழுத்துண்டு. ஆகவே அண்டை மொழியைச் சுமையென்று கருதாது துணையாகக் கொள்வோம்.

நாள்தோறும் இரவில் அரைமணி நேரம் பிள்ளைகள் வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்கட்டும். ஒரு பத்தியை உரக்கப் படிக்கட்டும். பின்பு நூலை மூடிவிட்டு அதனைத் தம் சொற்களிற் கூறட்டும். ஆங்கிலம் அறியாப் பெற்றோரும் அருகிருந்து செவிமடுக்கலாம். பிழை கண்டு நகையாதிருத்தலே நாம் செய்யத்தக்க பேருதவி.