அடுப்பேறாத தக்காளிக் குழம்பு

பாஸ்டா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கொதிக்கவைத்த தக்காளி சோஸ், இல்லாவிட்டால் சீஸ் வழியும் வெள்ளைக் கிறீம். சிசிலித் தீவின் மேற்குக் கரையிலுள்ள திராபானி நகரத்துப் பாஸ்டாவில் இவை இரண்டும் இல்லை. அங்கே தக்காளி அடுப்பில் ஏறுவதில்லை. பாதாமோடு உரலில் இடிபடுகிறது. இத்தாலிய மொழியில் இடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'பெஸ்தோ' என்ற பெயர் வந்தது. இதை நான் விளக்கியபோது, "அப்பிடியெண்டா இது சம்பல்தானே?" என்று உம்மா கேட்டார். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

திராபானி ஒரு துறைமுகம். அங்கே தங்கிச் சென்ற ஜெனோவா மாலுமிகள் வெள்ளைப்பூடும் வால்நட்டும் இடித்த தங்கள் ஊர்க் குழம்பைக் கொண்டுவந்தார்கள் என்றும், திராபானி மக்கள் அதில் தங்கள் பாதாமையும் பின்னர் தக்காளியையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள்.

பாஸ்டாவுக்கோ எழுத்திலேயே சான்று உண்டு. சிசிலியில் முஸ்லிம்கள் 827இல் கரையிறங்கினர். 1091இல் அவர்களது ஆட்சி முற்றாக முடிந்தது. அதற்குப் பின், கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரொஜரின் அவையில் இருந்த புவியியலாளர் அல் இத்ரீஸி 1154இல் முடித்த நூலில், பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள திராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' எனும் மாவு இழைகள் பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலேறியதாக எழுதியுள்ளார். இதை வைத்துப் பாஸ்டாவை அரபிகளே கண்டுபிடித்தார்கள் என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. இத்ரீஸி அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதே போதுமான பெருமை.

நான்கு பேருக்கு 400 கிராம் பாஸ்டா, நன்கு பழுத்த தக்காளி 300 கிராம், பாதாம் 50 கிராம், வெள்ளைப்பூடு இரண்டு பல், ஒரு கைப்பிடி பேசில் இலை, ஒலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி வேண்டும். பேசில் துளசிக்கு உறவு. பலூதாவில் போடும் கசகசா அந்தச் செடியின் விதைதான். பாதாம் விலை கூடத்தான். ஆனால் கஜு போட்டால் இனிப்புத் தூக்கும், கச்சான் போட்டால் வேறெதுவும் மணக்காது.

இடிக்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் வெள்ளைப்பூட்டைக் கல்லுப்போடு இடிக்க வேண்டும். உப்பின் கரகரப்புத்தான் அதை விழுதாக்குகிறது. அடுத்து இலை. பிறகு, வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்த பாதாம். இது சற்றுக் கொரகொரப்பாகவே நிற்கட்டும். கடைசியாக, கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோல் நீக்கி, விதையைப் பிழிந்தெடுத்த தக்காளி. விதையோடு போட்டால் குழம்பு தண்ணீராகிவிடும். எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கலக்கவும். பிளெண்டர்தான் உண்டென்றால் விட்டுவிட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி இலை கறுக்கும்.

திராபானியில் இதற்கென்றே மெல்லிய குச்சியில் சுற்றிச் செய்யும் 'புசியாத்தே' என்ற பாஸ்டா உண்டு. நமக்கு முறுக்கிய வடிவப் பாஸ்டா எதுவும் சரி. சுருளுக்குள் குழம்பு தங்கும். வடிக்குமுன் ஒரு கோப்பை கஞ்சித் தண்ணீரை எடுத்துவைத்து, அதில் கொஞ்சம் விட்டுப் பிரட்டவும். பாஸ்டாவின் சூடே குழம்புக்குப் போதும்.

மேலே தூவுவது 'பெக்கொரீனோ' எனும் செம்மறியாட்டுப்பால் சீஸ். அந்தப் பாலை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்ப்பது வழக்கம். அந்தக் குட்டி எப்படி அறுக்கப்பட்டது என்று நாம் கேட்போம் அல்லவா? ஹலால் சான்றுள்ள சீஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் குறையில்லை, சீஸ் வாங்க வழியில்லாத சிசிலி வீடுகளில் பழைய பாணை உதிர்த்து, ஒலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவினார்கள். இன்று வசதியுள்ளவர்களும் அந்த மொறுமொறுப்புக்காக அதையே தூவுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான்.