தேக்கு விற்ற இரு நாடுகள்

செட்டிநாட்டுப் பெருவீடுகளைக் கண்டவர்கள் அவற்றின் தூண்களை மறப்பதில்லை. அத்தூண்களுள் பல, கடல் கடந்து பர்மாவிலிருந்து வந்த தேக்கு மரங்களால் ஆனவை. பர்மா இன்று மியான்மர் எனப்படுகிறது. அதன் கிழக்கே உள்ள தாய்லாந்தும், சயாம் என வழங்கிய நாளில், தேக்கு வணிகத்தில் பெயர்பெற்றிருந்தது. எல்லை மலைகளின் இருபுறமும் வளர்ந்தது ஒரே மரம்தான். ஆனால் இரு நாடுகளின் கதை ஒன்றாக இல்லை.

முதலில், காட்டில் நடந்த வேலையைக் காண்போம். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதனை அடுத்த வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவர். மரம் நின்றபடியே பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் உலரும். அதன்பின்னரே அதனை வீழ்த்துவர். யானைகள் கட்டைகளை ஓடைவரை இழுத்துவரும். மழைக்கால வெள்ளம் அவற்றை ஆற்றில் சேர்க்கும். அங்கே தெப்பமாகக் கட்டி மிதக்கவிடுவர். பர்மாவின் தெப்பங்கள் ஐராவதி வழியே இரங்கூனை நோக்கிச் சென்றன. சயாமின் தெப்பங்கள் பிங், வாங், யோம், நான் ஆகிய ஆறுகளில் இறங்கி, சாவோ பிரயா வழியே பாங்காக் சேர்ந்தன. சல்வீன் ஆற்றை ஒட்டிய சயாம் காடுகளின் மரங்களோ பர்மாவின் மோல்மேன் துறைக்கே சென்றன. ஆறு எல்லைக்கோட்டை அறியுமா?

கப்பல் கட்டத் தேக்கினும் சிறந்த மரம் அரிது என்பதால் ஆங்கிலேயர் அதனைப் பெரிதும் நாடினர். 1885ஆம் ஆண்டில், மரம் வெட்டிய ஆங்கிலேய நிறுவனம் ஒன்றுக்குப் பர்மிய அரசு தண்டம் விதித்தது. அதுவே போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மன்னர் தீபா நாட்டை இழந்தார். சயாம் தன்னுரிமையை இழக்கவில்லை. எனினும் அங்கும் தேக்கு வணிகத்தின் பெரும்பகுதி ஆங்கிலேய நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. 1896இல் சயாம் தனக்கென வனத்துறையை அமைத்தபோது, அதன் முதல் தலைவராக வந்தவரும் பர்மாவில் பணியாற்றிய ஆங்கிலேய அலுவலரே.

நெடுங்காலம் ஒருங்கே சென்ற இரு வணிகங்களும் 1988இல் பிரிந்தன. அவ்வாண்டு நவம்பரில் தென் தாய்லாந்தில் பெருமழை பெய்தது. காட்டை அழித்து இளம் ரப்பர்க் கன்றுகள் நட்டிருந்த மலைச்சரிவுகள் சரிந்தன. சேறும் வெட்டிய கட்டைகளும் ஊர்களின்மேல் பாய, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மக்கள் சினந்தெழுந்தனர். 1989 சனவரியில் அந்நாட்டரசு இயற்கைக் காடுகளில் வணிகத்திற்காக மரம் வெட்டுவதைத் தடைசெய்தது.

ஆனால் தாய்லாந்தின் மரத்தேவை குறையவில்லை. அதே காலத்தில் தாய்லாந்து நிறுவனங்கள் எல்லைக்கு அப்பால், மியான்மர்க் காடுகளில் வெட்டும் உரிமையைப் பெற்றன. தப்பியது ஒரு காடு, அகப்பட்டது மற்றொன்று! மியான்மரும் 2014 ஏப்ரல் முதல் நாள் அறுக்கப்படாத கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. அறுத்த மரத்தை மட்டுமே விற்கலாம் என்றது. அதுவரை அக்கட்டைகளைப் பெருமளவில் வாங்கிய இந்தியா, கானா, ஈக்வடார் போன்ற தொலைநாடுகளின் தோட்டத் தேக்கை மேலும் நாடியது.

தாய்லாந்து இன்று ஏற்றுமதி செய்யும் மரங்களுள் முதன்மையானது ரப்பர் மரம். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களை வெட்டி, அறுத்து, பதப்படுத்திச் சீனாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவை மேசையும் நாற்காலியுமாகின்றன.