கரும்பலகை முதல் கைபேசி வரை

வடசேரிக்கு அண்மையிலுள்ள இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர்கள் கூடியிருந்த அவையில், ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தி சதாவதானம் நிகழ்த்தி அனைவரையும் வியக்க வைத்தார்கள். அந்த மேதைக்குத் தமிழ் கற்பித்தவர் சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியர்.

இன்று நினைவாற்றல் சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. கைபேசியைத் தொட்டால் போதும். திருமறையின் எந்த வசனமும், கணிதத்தின் எந்த வாய்ப்பாடும் கண்முன் வந்து நிற்கிறது. "அப்படியானால் ஆசிரியர் எதற்கு?" என்று சில பெற்றோர் வெளிப்படையாகவே கேட்கத் தொடங்கிவிட்டனர். நம் பிள்ளைகளின் எதிர்காலத்தோடு தொடர்புடைய இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கலாகாது.

மணலில் வரைந்த பாடம்

கற்பித்தலுக்குக் கருவி வேண்டும் என்பதில் மார்க்கத்திற்கு மாறுபாடில்லை. முதன்முதலில் அருளப்பட்ட இறைவசனங்களே ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றிப் பேசுகின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தரையில் ஒரு சதுரம் வரைந்தார்கள்; அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோட்டையும், அதன் பக்கத்தில் சிறு சிறு கோடுகளையும் இட்டார்கள். நடுவில் இருப்பவன் மனிதன். அவனைச் சூழ்ந்திருப்பது அவனது தவணை. வெளியே நீள்வது அவனது ஆசை. சிறு கோடுகள் அவனுக்கு நேரும் சோதனைகள் என்று விளக்கினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஆழ்ந்ததோர் உண்மையைக் கண்ணால் காணச் செய்ய அன்று மணலே கரும்பலகையாயிற்று!

அதே பெருமானார் (ஸல்) அவர்கள், பள்ளிவாசலில் அவசரமாகத் தொழுத ஒருவரைத் திரும்பவும் தொழுமாறு மூன்று முறை அனுப்பினார்கள். "எனக்குக் கற்றுத் தாருங்கள்" என்று அவரே கேட்ட பிறகு, நிற்பது முதல் ஸஜ்தா வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மாணவரைக் கூர்ந்து பார்ப்பதும், கற்கும் வேட்கை பிறக்கும்வரை பொறுப்பதும், பிறகு படிப்படியாக விளக்குவதும் நல்லாசிரியரின் இலக்கணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இராமேசுவரம் கடற்கரையில்

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். மாணவர்களுக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் சினம் கொள்ளாமல், அனைவரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறக்கும் பறவைகளையே காட்டினார். விமானவியலில் தமக்கு நாட்டம் பிறந்தது அன்றுதான் என்று கலாம் பலமுறை நினைவு கூர்ந்திருக்கிறார்.

அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளை இந்தியா விண்ணில் செலுத்தியது. விண்ணிலிருந்து பாடம் அனுப்பும் ஆற்றல் பெற்றோம். ஆனால் "இவனுக்கு விளங்கவில்லை" என்று முகம் பார்த்து அறிந்தது அந்தச் சிற்றூர் ஆசிரியரின் கண்களே!

பெருந்தொற்று புகட்டிய பாடம்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியும் கைபேசியும் அந்நாள்களில் பேருதவி புரிந்தன; மறுப்பதற்கில்லை. எனினும் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைபேசி என்றால் யாருக்கு எது கிடைக்கும்? படித்துக் கொண்டிருந்த பெண்பிள்ளை, தம்பிக்கு விட்டுக்கொடுத்து அடுப்படிக்குப் போன வீடுகள் இல்லையா? இறுதியில், ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களை மாணவர்களின் வசிப்பிடங்களுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. திரை எட்டாத இடத்தை மனிதரே எட்டினர்.

மதரஸாவில் கைபேசி

குர்ஆன் ஓதிக் கொடுப்போர் இதை நாள்தோறும் உணர்கின்றனர். தொண்டையின் அருகே பிறக்கும் காஃபில் தொடங்கும் "கல்ப்" என்றால் இதயம். சற்று முன்னே பிறக்கும் மற்றொரு காஃபில் தொடங்கினால் நாய்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. சிறந்த காரிகளின் கிராஅத்தை ஒலிக்கச் செய்தால் பிள்ளைகளின் செவி பழகும். மக்ரஜைக் காட்டும் படங்களும் பயன் தரும். தவற்றைச் சுட்டிக்காட்டும் செயலிகள்கூட வந்துவிட்டன. ஆயினும் அந்தப் பிள்ளை ஏன் தவறுகிறது? முன்பல் விழுந்ததாலா, அச்சத்தாலா, நேற்று வீட்டில் ஓதிப் பார்க்காததாலா? எதிரே அமர்ந்திருக்கும் உஸ்தாதே அதை அறிவார்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் சிலவற்றைக் கருத்தில் கொள்வது நன்று. மாணவருக்குக் காட்டுமுன் காணொலியைத் தாம் முழுமையாகப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் காட்டினால் பத்து நிமிடம் அதைப் பற்றி வினவ வேண்டும். கடைசி வரிசையில் மௌனமாக இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். தெரியாததைத் "தெரியாது, நாளை பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறக் கூசக் கூடாது. நம் இமாம்கள் காட்டிய வழியும் அதுவே.

பெற்றோர்களே! பாடநூலில் அச்சிட்டுள்ள விரைவுக் குறியீட்டைப் பிள்ளை கைபேசியில் திறக்கும்போது அருகில் அமருங்கள். முடிந்ததும், "என்ன விளங்கியது? எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். எழுதப் படிக்க அறியாத தாயும் இதைக் கேட்கலாம். மகனுக்குத் தரும் அதே நேரத்தை மகளுக்கும் தாருங்கள்.

பாவலரின் பெருமை நினைவாற்றலில் மட்டும் அடங்குவதன்று. நூறு பக்கமும் சிதறாத கவனமே அவதானத்தின் உயிர். நினைவில் வைக்கும் வேலையைக் கருவி ஏற்றுக்கொள்ளட்டும். நாற்பது பிள்ளைகள் மீதும் சிதறாத கவனம் வைக்கும் அவதானிகளாக நம் ஆசிரியர்கள் திகழ வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.