சக்கரம் சுற்றினால் மூடிக்கொள்ளும் காட்டு வீடு!

கோடை விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குக் கிளம்பும்போது அம்மா எத்தனை தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? 'ஜன்னலைச் சாத்தினோமா?' என்று பஸ் ஏறும்வரை அப்பாவுக்கும் கவலை. பத்து நாள் பூட்டுகிற வீட்டுக்கே இப்படி! மாதக்கணக்கில் ஆளே இல்லாமல் காட்டுக்குள் தனியாக நிற்கும் வீடு என்றால்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மஸாமா என்ற சின்ன ஊர் இருக்கிறது. (தலைநகர் வாஷிங்டன் வேறு. அது கிழக்கே, இந்த மாநிலம் மேற்குக் கடைசியில்.) இங்கே மரங்களுக்கு நடுவே நிற்கிறது 'டெல்டா ஷெல்டர்' என்ற விடுமுறை வீடு. 2000-களில் இதை வடிவமைத்தவர் டாம் குண்டிக் என்ற கட்டடக் கலைஞர். சுமார் 1,000 சதுர அடிதான். பார்த்தால், கால் முளைத்த இரும்புப் பெட்டி போல இருக்கும்!

கால் எதற்கு? அது ஆற்று வெள்ளம் வரக்கூடிய இடம். 'நூறாண்டு வெள்ளம்' என்பார்கள். நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்த வருடங்களிலேயே வந்தாலும் ஆச்சரியமில்லை! அதனால் அடித்தளத்தில் காரும் சாமான்களும். நடுத் தளத்தில் படுக்கை அறைகள். சமையலும் அரட்டையும் உச்சியில்.

சரி, அழகான கண்ணாடிச் சுவர்களை யார் காவல் காப்பது? இங்கேதான் வேடிக்கை. 10 அடிக்கு 18 அடி அளவில் நான்கு பெரிய எஃகுத் தகடுகள். நம் கடைத்தெரு ஷட்டர் போலச் சுருளாமல், தகடு அப்படியே நகரும். வீட்டுக்குள் இருக்கும் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும். பல் சக்கரங்கள், தண்டுகள், கம்பி வடங்கள் எல்லாம் சேர்ந்து நான்கையும் ஒரே நேரத்தில் மூடிவிடும். மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்!

அத்தனை கனத்தை ஒரு ஆள் நகர்த்துவது எப்படி? கியர் சைக்கிளில் மேடு ஏறியிருக்கிறீர்களா? பெடலை அதிக தடவை மிதிக்க வேண்டும். ஆனால் லேசாக இருக்கும். அதே கணக்குதான். சின்னப் பல்சக்கரம் பலமுறை சுற்றினால், பெரியது மெதுவாக, ஆனால் பலத்தோடு சுற்றும். அவசரக்காரர்களுக்குத்தான் கஷ்டம்!

வெளிச்சுவரிலும் எஃகுத் தகடுதான். பெயிண்ட் கிடையாது. துருப்பிடித்துப் பழுப்பாகட்டும் என்றே விட்டுவிட்டார்கள். பெயிண்ட் அடித்தால் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டுமே! மரத்தைப் போல எஃகைக் கரையான் அரிக்காது. தீப்பொறி பட்டாலும் பற்றாது. இந்தப் பகுதியில் அது சின்ன விஷயம் இல்லை. 2014-ல் இந்த வட்டாரத்தில் பரவிய காட்டுத்தீ 2.5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் போயின.

இன்னொன்று: வீட்டின் பெரும்பகுதியை வேறு இடத்தில் செய்து, கொண்டுவந்து பொருத்தினார்கள். காட்டுக்குள் மாதக்கணக்கில் ஜல்லியும் மணலும் கொட்டிக் கிடக்க வேண்டியதில்லை பாருங்கள்.

உங்களிடம் ஒரு காட்டு வீடு வடிவமைக்கச் சொன்னால், அங்கே யானை வரும் என்றால், கால் எத்தனை உயரம் வைப்பீர்கள்?