அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சரக்குக் கொள்முதலுக்காகச் சென்னைப் பாரிமுனைக்குச் சென்று வரும் வணிகர்கள் பலரும் அரண்மனைக்காரன் தெருவை அறிவார்கள். ஆனால் அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியர் வாழ்ந்த தெரு என்பதே மக்கள் வாயில் மருவி இவ்வாறு ஆயிற்று. ஆக, தெருவுக்குப் பெயர் தந்தவர்கள் மன்னர்கள் அல்லர். நம்மைப் போன்ற வியாபாரிகளே.

பாரசீகத்தின் ஜுல்பா நகரை வேராகக் கொண்ட ஆர்மீனிய வணிகர்கள் பட்டு, துணி, இரத்தினக் கற்கள், நறுமணப் பொருட்கள் ஆகியவற்றில் வாணிபம் செய்தனர். சென்னையில் 1712-ஆம் ஆண்டில் தங்களுக்கென ஒரு தேவாலயம் எழுப்பினர். இன்று இத்தெருவில் நாம் காணும் மரியன்னை தேவாலயம் 1772-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தனியே நிற்கும் அதன் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையான 'அஸ்தரார்' இதழை 1794-இல் சென்னையில் வெளியிட்ட பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறையும் இவ்வளாகத்தில்தான் இருக்கிறது.

இச்சமூகத்தில் நாம் மறக்கக் கூடாத வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். மணிலா வாணிபத்தில் பொருள் ஈட்டிய இவர், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 'மர்மலாங்' பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். மாம்பலம் என்ற ஊர்ப் பெயரே ஆங்கிலேயர் வாயில் மர்மலாங் ஆனது. பரங்கிமலைக்கு ஏறும் கற்படிகளும் இவர் அமைத்தவையே. 1751-இல் மறைந்த இவரது உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது.

பாலத்துக்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்பர். அதோடு நின்றுவிடாமல், பராமரிப்புக்கென 1,500 வராகனைத் தனியே ஒதுக்கி வைத்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. முதல் போட்டால் மட்டும் கடை நடக்காது, நடப்புச் செலவுக்கும் பணம் வேண்டும் என்ற வியாபாரக் கணக்கை அவர் தருமத்திலும் கடைப்பிடித்தார். அப்பாலம் இருந்த இடத்தில் 1966-இல் மறைமலையடிகள் பாலம் எழுந்தது.

நாமும் பள்ளிக்கு அறை கட்டித் தருகிறோம். குடிநீர்த் தொட்டி வைக்கிறோம். திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் சிறப்பாக அமைகின்றன. மறு ஆண்டு குழாய் உடைந்தால் கேட்பாரில்லை. இனி நன்கொடை வழங்கும்போது பராமரிப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்குவோம். அடுத்த முறை பாரிமுனை செல்லும் அன்பர்கள், லாரி செட்டில் சரக்கைப் போட்டபின் பத்து நிமிடம் அந்தத் தேவாலயத்தையும் பார்த்து வாருங்கள்.