மாநகரங்களின் பழஞ்சந்தைகள்: ஸ்மித்ஃபீல்டின் நிலவறைக் குளிர்

லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் பூர்வ கதையை, 1855-இல் உயிருள்ள கால்நடைகளின் விற்பனை இஸ்லிங்டனுக்குப் பெயர்ந்தது வரையில் பார்த்தோம். இவ்வாரம் அங்குள்ள சுமைதூக்கிகளைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆயினும் அவர்கள் நடமாடும் தளத்துக்குக் கீழே நிகழ்ந்த ஒரு சங்கதியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

பின்னாளில் டவர் பாலத்தையும் வடிவமைத்த ஹோரேஸ் ஜோன்ஸ் நிர்மாணித்து, 1868-இல் திறக்கப்பட்ட சந்தைக் கட்டடத்துக்கு அடியிலேயே ரயில் பாதை ஓடிற்று. வெளியூர்களில் வெட்டிய இறைச்சி அங்கே வந்திறங்கி மேலே ஏறிற்று. 1880-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்ட்ராத்லெவன் என்ற கப்பலும், 1882-இல் நியூஸிலாந்திலிருந்து டனடின் என்ற கப்பலும் உறைந்த இறைச்சியைக் கொண்டு வந்தன. பூமத்திய ரேகையின் வெப்பத்தைக் கடந்து வந்த அச்சரக்கு, கரையேறிய பின்னரும் விலைபோகும் நாள்வரை உறைந்தே கிடக்க வேண்டியிருந்தமையால், சந்தையைச் சுற்றிலும் குளிர்பதனக் கிடங்குகள் பெருகின.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, சந்தைக்கு அடியில் ஐந்து தளங்கள் ஆழத்திலிருந்த அத்தகைய கிடங்கு ஒன்றை ராணுவத்தார் ரகசியமாகக் கைக்கொண்டனர். ஜெஃப்ரி பைக் என்பவரின் யோசனைப்படி, அட்லாண்டிக் சமுத்திரத்தில் விமானங்கள் இறங்குவதற்காக, ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்தில் பனிக்கட்டியாலேயே ஒரு கப்பல் கட்டுவது அவர்களுடைய உத்தேசம். வெறும் பனிக்கட்டி எளிதில் நொறுங்கும். மரக்கூழைக் கலந்து உறையவைத்தால் வியக்கத்தக்க உறுதி பெறும். பைக்கின் பெயரால் பைக்ரீட் எனப்பட்ட அப்பொருளைப் பரீட்சிக்க வந்தவர், ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை முன்னரே ஆராய்ந்தவரும், வியன்னாவில் பிறந்தமையால் 1940-இல் அந்நியப் பிரஜையென்று காவலில் வைக்கப்பட்டிருந்தவருமான மாக்ஸ் பெருட்ஸ். மின்சாரத்தால் சூடேறும் விமானிகளின் உடைகளை அணிந்து, இளம் கமாண்டோ வீரர்களின் துணையோடு அவர் அங்கே கட்டிகளை உறையவைத்து அறுத்தார். சுமார் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி செல்ஸியஸில் வைக்காவிட்டால், பைக்ரீட்டும் தன் பாரத்தாலேயே மெல்லத் தொய்ந்துவிடும் என்று கண்டறிந்தவரும் அவரே. கப்பல் கட்டப்படவில்லை.

குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த ஹீமோகுளோபினின் அமைப்பை ஆராய்ந்து 1962-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பெருட்ஸும் இவரேயென்று அறிந்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை. மத்திய காலத்தில் குதிரை வாணிபத்துக்குப் பேர்போன ஸ்தலமன்றோ ஸ்மித்ஃபீல்டு!

சந்தை என்றால் விற்பதும் வாங்குவதுமே நம் நினைவுக்கு வருகின்றன; கெடாமல் காப்பாற்றும் வித்தையே அதன் மூலதனம் என்பேன். மாரிக்காலத்தை வருஷம் முழுவதும் கைவசம் வைத்திருந்தவர்கள் இறைச்சி வியாபாரிகளாதலின், விஞ்ஞானமும் அவர்களுடைய வாசலுக்கே வர நேர்ந்தது. சந்தையின் மேற்குப் புறத்துக் கட்டடங்களில் குடியேறும் லண்டன் அருங்காட்சியகம், இங்கே மாண்ட வாலஸுக்கும் வாட் டைலருக்கும் இடமளிப்பதுபோல இந்நிலவறைக் குளிருக்கும் இடமளிக்க வேண்டும்.

பம்மரீ எனப்படும் சுமைதூக்கிகளையும், நள்ளிரவில் தொடங்கும் அவர்களுடைய தொழில் முறைகளையும் அடுத்த வாரம் விஸ்தாரமாகக் காண்போம்.